புதுப்பிப்பு: ஃப்ரோசன் ஷோல்டர் ஆபரேஷன் செய்துகொண்டேன்

சர்க்கரை நோயோடு இடது தோளும் இறுகிப்போய், பிசியோதெரபியும் ஸ்டீராய்டு ஊசியும் கைகொடுக்காததால் ஆபரேஷனுக்குப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன்.

மயக்கம் கொடுத்து, கையை அழுத்தித் திருப்பி மட்டும் விடும் முறையை டாக்டர் எனக்கு வேண்டாம் என்றார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து விறைத்திருக்கும்போது பலவந்தமாகத் திருப்பினால் மேற்கை எலும்பே முறியலாம். அதனால் ஆர்த்ரோஸ்கோபி. சிறு துளை வழியாக கேமராவை விட்டு, சுருங்கிய மூட்டு உறையைப் பார்த்துப் பார்த்து வெட்டிவிடுகிறார்கள். உறையின் அடிப்பகுதியை ஒட்டியே ஒரு முக்கிய நரம்பு ஓடுகிறது, அங்கே ரொம்ப நிதானம் வேண்டுமாம்.

எல்லோரும் உடனே கத்திக்கு ஓட வேண்டியதில்லை. பிரிட்டனில் 503 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டு முறைகளும் ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியும் ஒப்பிடப்பட்டன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எதுவும் பெரிதாக முந்தவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பலன் சற்று குறையலாம் என்பதையும் டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்காகக் கை மரத்துப்போகப் போட்ட நரம்பு ஊசியின் மரப்பு விட்டதும் வலி பிடித்துக்கொண்டது. ஆனாலும் மறுநாளே பயிற்சி. விட்டால் உறை மறுபடி இறுகிவிடும். பிசியோ இதில் கறார். இப்போது சட்டைக் கையை நானே மாட்டுகிறேன். முதுகுக்குப் பின்னால் மட்டும் கை இன்னும் இடுப்போடு நின்றுவிடுகிறது.

அப்புறம், ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும். அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.