சிங்கப்பூரில் சதகுப்பைக் கீரை வளர்த்த, சமைத்த அனுபவங்கள்

ஒன்பதாம் மாடி, புக்கிட் பாத்தோக்

டில் என்று பேரங்காடியில் விற்கும் அதே கீரைதான். மூன்று முறை விதைத்தேன். முதல் இரண்டு முறை முளைக்கவே இல்லை, அதை விடுங்கள். மூன்றாவது முறை பன்னிரண்டாம் நாள் முளைத்து ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. வெயில் காட்டலாம் என்று தொட்டியைக் கீழே எடுத்துப் போனபோது எதிர்வீட்டு வியட்நாமியப் பெண்ணும் மின்தூக்கியில் ஏறினார். இரண்டு வருடமாக எங்களுக்குள் புன்னகை மட்டும்தான். கதவு மூடியதும் குனிந்து இலையை முகர்ந்தார். "தீ லா" என்றார். ஒன்பது மாடியும் இறங்கும் வரை தொட்டியைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

ஹனோய்க்காரராம். அங்கே மஞ்சள் போட்டுப் பிரட்டிய மீனைச் சட்டியில் பொரித்து, இந்தக் கீரையையும் வெங்காயத் தாளையும் கை கையாக அள்ளிப் போடுவார்களாம். பேருக்கும் ஒரு கதை சொன்னார். செடிகளுக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டே வந்தபோது கடைசியில் இது போய் நின்றதாம். பேரெல்லாம் தீர்ந்துவிட்டது. "உன் பேர் வந்து... வந்து..." என்று இழுத்திருக்கிறார்கள். அந்த 'வந்து'தான் தீ லா. அதுதான் தன் பேர் என்று செடி சந்தோஷமாக ஓடிப்போய்விட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடி பறித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் நன்றாக வளரட்டும் என்று வெள்ளிக்கிழமை பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் எல்லாம் நனைந்த தலைமுடி மாதிரி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ஞாயிறன்று அவர் கதவைத் தட்ட எனக்கு முகமில்லை.

ஓசூர்ப் பெண், பொங்கோல்

எங்கள் பக்கம் இது சப்ஸிகே. மேலே தூவுகிற இலை இல்லை, கீரை. என் பிரசவத்துக்கு அத்தை வந்திருந்தபோது பால் ஊறும் என்று இதைத்தான் கேட்டார். நான் வாங்கி வந்தது ஒரு சின்னப் பெட்டி. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர், "இது தாளிக்கக்கூடப் பத்தாதே, கண்ணு" என்றார். மறுநாள் அவரே என் கணவரோடு தேக்கா சந்தைக்குப் போய்த் தேடிப் பிடித்து இரண்டு கட்டு வாங்கி வந்தார்.

அன்றைக்கு அரிசி ரொட்டி. கீரையைப் பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகத்தோடு அரிசி மாவில் பிசைந்தார். எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, நடுவில் விரலால் மூன்று ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். வீடெல்லாம் கிரைப் வாட்டர் வாசம். "எவ்வளவு மாவுக்கு எவ்வளவு கீரை, அத்தை?" என்று கேட்டேன். "கை சொல்லும்" என்றார். அத்தை போய் நான்கு வருடம் ஆகிறது. என் ரொட்டி ஓரமெல்லாம் இன்னும் வெடிக்கிறது.

தொட்டித் தோட்டம், ஜூரோங்

ஒன்பதாம் மாடிக்காரருக்கு: தவறு தொட்டி மாற்றியதில்தான். எனக்கும் ஒருமுறை அப்படியே ஆனது, ஒரே இரவில் இருபது செடி. அதற்குப் பிறகு மாற்றுவதே இல்லை. கேரட் குடும்பம் இது, ஆணிவேர் நேராக இறங்கும். அதை அசைத்தால் மீள்வது கஷ்டம்.

கடைசி வரை எதில் இருக்கப் போகிறதோ அதிலேயே விதையுங்கள். தொட்டி ஓர் அடி ஆழம் இருந்தால் நல்லது. விதையை ஆழமாகப் புதைக்க வேண்டாம், மேலே லேசாக மண் தூவினால் போதும். முளைக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள். நெருக்கமாக வந்தால் பிடுங்க வேண்டாம், பக்கத்து வேரும் ஆடும். கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடுங்கள். இந்தியாவில் இது குளிர்காலப் பயிர். நம் ஊரில் வருடம் முழுக்கப் பகலில் 30 டிகிரியைத் தாண்டுகிறது, அதனால் சீக்கிரம் பூத்துவிடும். பூக்குடை கிளம்பிவிட்டால் இலை குறையும். காலை வெயில் விழும் பக்கம் வையுங்கள், மேற்கு வெயில் வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி என்று விதைத்துக்கொண்டே இருந்தால்தான் வீட்டில் எப்போதும் கீரை இருக்கும்.

அப்புறம், தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும். காரிடாரில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். சுவர் விளிம்பில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

மீன் சொதி, ஈசூன்

ஓசூர்ப் பெண் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரொட்டி சரி. ஆனால் கீரை என்று நினைத்து வேகவிட்டால் அந்த வாசம் ஆவியோடு போய்விடும். நான் குராவ் மீன் சொதியில் அடுப்பை அணைத்த பிறகுதான் இலையைக் கிள்ளிப் போடுவேன், உடனே மூடி வைப்பேன். தண்டைப் பல வருடம் குப்பையில் எறிந்திருக்கிறேன். ஒருநாள் நூலால் கட்டிக் கொதிக்கும் தேங்காய்ப்பாலில் போட்டு எடுத்தேன். காய்ச்சலில் மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்த அப்பா அறையிலிருந்து எழுந்து வந்து, "என்ன அது?" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஓசூர்ப் பெண், பொங்கோல்

நீங்கள் போடுவது பிஞ்சு இலை. முற்றிய கீரையை அப்படிப் பச்சையாகப் போட்டால் நாக்கில் நாராக நிற்கும். துவரம்பருப்பும் பூண்டும் சேர்த்து ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள், வாசம் எங்கும் போகாது. கிரைப் வாட்டர் வாசம் என்று சும்மா சொல்லவில்லை. 1851இல் இங்கிலாந்தில் அதை முதலில் தயாரித்தபோதே சதகுப்பை எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் மாடி, புக்கிட் பாத்தோக்

ஜூரோங்காருக்கு நன்றி. ஆழமான தொட்டியில் நேராக விதைத்தேன், இன்று பதினோராம் நாள். நூல் மாதிரி ஏழு முளை. காலையில் மின்தூக்கியில் அவரே கேட்டார், "தீ லா?" கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் விரித்து, இவ்வளவு என்று காட்டினேன்.