1984இல் சனம் இடம்பெயர்ந்த ஊர்: காடாகிப்போன காணியும் கிணறும்

பனங்கூடல்:
முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாய்ப் பக்கம், 1984 மார்கழியில சனம் எழும்பி இடம்பெயர்ந்த சின்ன ஊர். பிறகு ஒருத்தரும் குடியேறேல்லை. காணி உறுதிப் பத்திரம் இல்லை, வேலி இல்லை. கல்லுக்கட்டின கிணறு மட்டும் நிக்குது, தண்ணி கறுப்பு. எதில தொடங்கிறது?

வடலி:
கத்தியைத் தொடமுதல் ஜி.எஸ்.ஸிட்டயும் (கிராம சேவகர்) பிரதேச செயலகத்திலயும் கேளுங்கோ: மிதிவெடி அகற்றிக் கையளிச்ச இடமோ? பாதை துப்புரவு எண்டா வளவும் துப்புரவு எண்டு நினைக்கவேண்டாம். மாரி வெள்ளம் மிதிவெடியை இடம் மாத்தும். பத்தையைக் கொளுத்தவே கூடாது, சூட்டில பழைய செல் குண்டு வெடிக்கும்.

பெரிய மரம் தறிக்கிறதுக்கும் எழுத்தில அனுமதி எடுங்கோ. வனவளத் திணைக்களம் காடு எண்டு எல்லை போட்டிருந்தா சொந்தக் காணியிலயே வழக்கு வரும்.

கிளுவை:
உறுதிக்காணி எண்டா காணிப் பதிவகத்தில ஊர், காணிப் பேர், உறுதி எழுதின நொத்தாரிசு பேர் குடுத்துத் தேடிப் பிரதி எடுக்கலாம். பெர்மிட் (அரசு அனுமதிப்பத்திர) காணி எண்டா பிரதேச செயலகப் பேரேடு. அதோட பழைய வாக்காளர் இடாப்பு, கூப்பன் மட்டை (பங்கீட்டு அட்டை), பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, கிடைக்கிறதெல்லாம் சேருங்கோ.

எல்லைக்கு மரத்தைப் பாருங்கோ. காடு நேர்கோட்டில முளைக்காது. நாலு பனையோ பூவரசோ ஒரே கோட்டில நிண்டா அது ஆரோ நட்ட வேலி. பழைய நில அளவைப் படத்தில கிணறு குறிச்சிருந்தா சேவையர் (நில அளவையாளர்) அதிலயிருந்து அளப்பார்.

துலாக்கொடி:
கிணத்தை அவசரப்பட்டு இறைக்காதேங்கோ. சண்டைக் காலத்தில கிணறுகளுக்க ஆயுதம் போட்டதும் உண்டு. மிதிவெடி அகற்றிற ஆக்கள் பாத்த பிறகுதான் ஆள் இறங்கலாம்.

ஆவணி, புரட்டாதியில தண்ணி அடியில நிக்கும், அப்ப செய்யுங்கோ. மாரியில ஒரே மூச்சில இறைச்சா வெளித் தண்ணி தள்ளிக் கட்டு இடியும். தண்ணி இறைக்கிற மெசினைக் கிணத்துக்க இறக்காதேங்கோ. புகை அடைச்சு ஆள் மயங்கும், காத்துச் சோதிக்க இறக்கின மெழுகுதிரி அணையாமல் எரிஞ்சாலும் அந்தப் புகை கொல்லும்.

சேறு, இலைக்குப்பை முழுக்க அள்ளின பிறகுதான் குளோரின். இல்லாட்டி சேறே குளோரினைக் குடிச்சிடும். 4 மீற்றர் குறுக்களவு, 2 மீற்றர் தண்ணி எண்டா ஏறத்தாழ 25,000 லீற்றர். அதுக்கு 65 வீதக் குளோரின் தூள் 770 கிராம் போதும். வாளித் தண்ணியில கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் ஊத்தி, உள்சுவரையும் கழுவுங்கோ. ஓரிரவு விட்டு, மணம் போகுமட்டும் இறைச்சுக் கொட்டுங்கோ. பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லித் தண்ணி சோதிப்பிச்ச பிறகு குடியுங்கோ.