டியூபாவை (ஆர்கெஸ்ட்ராவின் தாழ்ந்த குரல் பித்தளை ஊதுவாத்தியம்) தேர்ந்தெடுத்தல்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

பின்வரிசை எழுதியது:

கடையிலிருந்து சோதனைக்கு எடுத்து வந்த 6/4 அளவுள்ள, அதாவது மிகப் பெரிய உடலுள்ள, பிஸ்டன் (மேலும் கீழும் நகரும் வால்வு) சி டியூபாவையும், பல வருடங்களாக என்னிடம் இருக்கும் 4/4, அதாவது வழக்கமான அளவுள்ள, ரோட்டரி (சுழலும் வால்வு) சி டியூபாவையும் ஒரே ஒத்திகையில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன். வாக்னரின் மைஸ்டர்சிங்கர் ஓபராவின் முன்னிசை. எந்த இடம் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கருப்பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும்போது கீழ்க்குரல் நம்மிடமும் பாசூன்களிடமும் கான்ட்ராபாஸ்களிடமும் (மிகத் தாழ்ந்த குரலுள்ள பெரிய வில் வாத்தியம்) வந்து, கடைசியில் அந்த ட்ரில்லில் (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) போய் நிற்குமே, அந்த இடம்தான். பெரிய டியூபாவில் வாசித்தபோது என் நாற்காலி அதிர்ந்தது, மூச்சு எங்கும் தடைபடவில்லை, இவ்வளவு நாள் எதற்காகச் சின்னதைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம் என்று தோன்றியது. இடைவேளையில் கான்ட்ராபாஸ் கலைஞர் ஒருவர் காப்பிக் கோப்பையுடன் வந்து, எந்தக் குத்தலும் இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில், "முதல் தடவை நீங்கள் வாசிக்கவில்லையா?" என்று கேட்டார்.

முதல் தடவை வாசித்தது பெரிய டியூபா. இரண்டாவது தடவை சின்னதில் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்ததாம். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வரிசை முழுவதும் வில்லை இழுத்ததாம். முதல் தடவை அரங்கில் ஏதோ முழக்கம் இருந்தது, அது டியூபா என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

ரொறன்ரோ பித்தளை எழுதியது:

நண்பர் பின்வரிசை அவர்களுக்கு, கான்ட்ராபாஸ் கலைஞர் நிற்கும் இடம் டியூபாவைச் சோதிக்கும் இடமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. நம் பெல், அதாவது டியூபாவின் விரிந்த வாய், கூரையைப் பார்க்கிறது. ஒலி மேலே போய், அரங்கைச் சுற்றி, பார்வையாளர் பகுதிக்கு இறங்குகிறது. மேடையில் பத்தடி தள்ளி நிற்பவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேரும் என்பது கூரையின் உயரத்தைப் பொறுத்தது. சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் கையில் இருந்தது, கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்த யோர்க் நிறுவனம் முதலில் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுக்காகச் செய்து கொடுத்த பெரிய டியூபா என்பது உங்களுக்குத் தெரியும். யமஹாவும் ஹிர்ஷ்ப்ருன்னரும் அதை அளந்து அளந்து நகல் செய்ததும், இன்று 6/4 என்று விற்கப்படும் பலவற்றின் மூலம் அதுதான் என்பதும் தெரியும். ஸ்வரத்தின் தொடக்கம் தெளிவில்லாத வாத்தியமாக இருந்திருந்தால் இத்தனை பேர் அதன் பின்னால் போயிருப்பார்களா? ஜேக்கப்ஸுக்கு ஆஸ்துமா இருந்தது என்பதையும், பெரிய டியூபாவுக்குப் பெரிய நுரையீரல் வேண்டும் என்று சொல்கிறவர்களுக்காக இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.

என் அனுபவம் சிறியது. ப்ரோகோஃபியெவின் ஐந்தாவது சிம்பொனிக்கு அப்படிப்பட்ட நகல் ஒன்றை இரவல் வாங்கிச் சென்றேன். எங்கள் பாஸ் ட்ரோம்போன்காரர் வழக்கமாக முதல் மூவ்மென்டின் (சிம்பொனியின் முதல் பகுதியின்) உச்சத்தில் கழுத்து நரம்பு புடைக்க ஊதுவார். அன்று பாதியில் அவருடைய தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒலியின் அளவை அவர் பாதியாகக் குறைத்துவிட்டார். தாங்குவதற்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒத்திகை முடிந்ததும் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார். எனக்கு அந்தத் தோள்கள் போதும்.

எஃப் வால்வு எழுதியது:

நீங்கள் இருவரும் அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னை உறுத்துவது சுருதி. முஸோர்க்ஸ்கியின் கண்காட்சிச் சித்திரங்களை ராவெல் 1922-ல் ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைத்தபோது, 'பீட்லோ' என்ற மாட்டு வண்டிப் பகுதியை டியூபாவுக்குத் தனியாகக் கொடுத்தார். அவர் மனதில் இருந்த டியூபா நம்முடையது அன்று. ஆறு வால்வுகளும் எட்டடிக் குழாயும் உள்ள சிறிய பிரெஞ்சு சி டியூபா, யூஃபோனியத்தைவிட (சிறிய டியூபா போன்ற வாத்தியம்) ஒரு முழுச்சுரம் உயரமானது. அதனால்தான் அந்தத் தனிப்பகுதி மத்திய சி-யைத் தாண்டி அதற்கு மேலுள்ள ஜி ஷார்ப் வரை ஏறுகிறது. பன்னிரண்டடி எஃப் டியூபாவில் அதை வாசிக்கலாம்; பதினாறடி சி டியூபாவில் வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம்.

நான் எஃப் டியூபாவில் வாசிப்பதாக முடிவு செய்து பயிற்சியும் எடுத்திருந்தேன். முதல் ஒத்திகைக்குப் போனால், என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் யூஃபோனியம் ஒன்று துடைத்துப் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. ஆள் இல்லை, வாத்தியம் மட்டும். இரண்டாம் ட்ரோம்போன்காரர் தாமாகக் கொண்டுவந்து வைத்தது. "ஒருவேளை தேவைப்பட்டால்" என்றார். அவர் நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பகுதி நெருங்க நெருங்க, அந்த வாத்தியம் என் ஓரக்கண்ணிலேயே நின்றது. பகுதி நன்றாகத்தான் வந்தது. கண்டக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். கச்சேரி நாள்வரை அந்த யூஃபோனியத்தை அவர் எடுக்கவேயில்லை.

இதிலிருந்து ரொறன்ரோ நண்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜேக்கப்ஸின் டியூபா எல்லாவற்றுக்கும் பதில் என்றால், நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஏன் இரண்டு டியூபாக்கள் இருக்கின்றன? நம் பாகங்கள் ஒலிக்கும் சுருதியிலேயே எழுதப்படுவதால், வாத்தியம் மாறும்போதெல்லாம் விரலமைப்பை முழுவதுமாக மாற்றிக்கொள்கிறோம். அந்தத் தொல்லையை யாரும் விளையாட்டுக்காக ஏற்பதில்லை.

மைன்ஸ் சித்தப்பா எழுதியது:

என் அனுபவம் இரண்டு வரிதான். தாழ்ந்த கூரையும் கம்பளமும் கொண்ட ஒரு கடையில் மிக அருமையாக ஒலித்த எஃப் டியூபா, அரங்கில் கீழ் சி-யை வாசித்தபோது, குழாய்க்குள் துணி அடைத்ததுபோல் திணறியது. இசைத்தாளின் ஐந்து கோட்டுக்குக் கீழே இரண்டாவது துணைக்கோட்டில் வரும் அந்த சி-யை நான்காவது வால்வு போட்டு ஊதியபோது, முதல் கிளாரினெட் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

ஆகவே இளைஞர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எஃப் டியூபா வாங்கப் போனால் மேல் ஸ்தாயியில் பாட்டு வாசித்து மயங்காதீர்கள். மேலே எல்லா எஃப் டியூபாவும் பாடும். நேராகக் கீழ் சி-க்கு இறங்கி, அதிலிருந்து பி, பி ஃபிளாட், ஏ என்று மெதுவாகவும் பிறகு உரத்தும் வாசியுங்கள். ரோட்டரி எஃப் டியூபாக்களில்தான் இந்தத் திணறல் அதிகம் என்பது பலரின் அனுபவம், பிஸ்டனில் குறைவு. ஆனால் நான் இரண்டிலும் விதிவிலக்குகளைக் கண்டிருக்கிறேன். அடுத்தது மவுத்பீஸின் ஷாங்க், அதாவது டியூபாவுக்குள் செருகும் முனை. அமெரிக்க ஷாங்க் சற்றுச் சிறியது, ஐரோப்பிய ஷாங்க் பெரியது. சின்ன ஷாங்கைப் பெரிய வாயில் செருகினால் அளவுக்கு மீறி உள்ளே போகும், பெரியதைச் சின்னதில் செருகினால் வெளியே நீண்டு நிற்கும். இரண்டிலும் ஸ்வரத்தின் தொடக்கம் மங்கும், சுருதியும் தடுமாறும். பின்வரிசைத் தம்பி தன் பழைய டியூபாவின் மவுத்பீஸையே புதியதிலும் செருகி வாசித்தாரா என்று யாரும் கேட்கவில்லையே! மூன்றாவதாக, ஐந்தாவது வால்வு என்ற ஒன்றை மறக்காதீர்கள். முதல் வால்வு ஸ்லைடு (சுருதியைத் திருத்த இழுக்கும் குழாய்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, வாசிக்கும்போதே இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். எந்த டியூபாவும் முழுச் சுருதியோடு பிறப்பதில்லை. நான்காவது, சுருதிமானியைப் பார்த்துக்கொண்டு வாசிக்காதீர்கள். கண்ணை மூடி வாசித்து, நண்பர் ஒருவரைச் சுருதிமானியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டு வாசித்தால் உதடு தானாகத் திருத்திவிடும், வாத்தியத்தின் குறை தெரியாது. கடைசியாக, நாற்காலியின் உயரம். டியூபாவை மடியில் வைத்தபின் வாயைத் தேடி நீங்கள் குனிந்தாலோ கழுத்தை நீட்டினாலோ, மூச்சு பாதியாகிவிடும். ஒரு தாங்கி வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

பின்வரிசை எழுதியது:

சித்தப்பா அவர்களுக்கு நன்றி. இரண்டுக்கும் அவ்வவற்றுக்குரிய ஷாங்க் உள்ள மவுத்பீஸ்களைத்தான் பயன்படுத்தினேன். கப் (உதடு பதியும் கிண்ணம்) அளவு ஒன்றேதான். எனவே அந்தக் காரணம் இல்லை. ரொறன்ரோ நண்பர் சொல்லும் கூரை விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் என்னோடு ஒரே இசைவரியை வாசிக்கிறவருக்கு என் ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால், பால்கனியில் இருப்பவருக்கு அது அழகாகக் கேட்டு என்ன பயன்?

லண்டன் மந்தரம் எழுதியது:

அளவு, சுருதி எல்லாம் இருக்கட்டும்; எந்த ஊரில் வாசிக்கிறோம் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நான் இங்கே ஈ ஃபிளாட் டியூபாவில் வளர்ந்தவன். அதில், டேவிட் பிளெய்க்லி என்பவர் 1874-ல் கண்டுபிடித்த ஈடுசெய்யும் வால்வு அமைப்பு உள்ளது. நான்காவது வால்வோடு மற்றவற்றைச் சேர்த்து அழுத்தும்போது தேவையான கூடுதல் குழாய் தானாகவே சேர்ந்துகொள்ளும். வான் வில்லியம்ஸின் டியூபா கான்செர்டோவை லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1954-ல் முதன்முதலாக வாசித்த ஊர் இது. ஒரே டியூபாவில் கான்செர்டோவும் சிம்பொனியும் வாசிப்பது எங்களுக்கு இயல்பு.

ஜெர்மனியில் ஓர் ஆர்கெஸ்ட்ராவின் ஆடிஷனுக்கு (கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் சோதனைக்கு) அந்த ஒரே டியூபாவுடன் போனேன். பாஸ் டியூபா (எஃப், ஈ ஃபிளாட்), அதைவிடத் தாழ்ந்த கான்ட்ராபாஸ் டியூபா (சி, பி ஃபிளாட்) என்று இரண்டையும் அழைப்பில் குறிப்பிட்டிருந்தார்கள். என் ஈ ஃபிளாட் இரண்டையும் சமாளிக்கும் என்பது என் வாதம். திரைக்குப் பின்னால் கான்செர்டோவை வாசித்து முடித்தேன். பிறகு 'வால்கியூரிகளின் பயணம்' பகுதியை வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு ஸ்வரக்கோவைகள் போனபின் திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல், மிக மரியாதையாக, "இனி கான்ட்ராபாஸ் டியூபாவை எடுத்துக்கொள்ளலாம்" என்றது. என் வாத்தியம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. காதால் மட்டுமே அது தெரிந்துவிட்டது. நான் அதே டியூபாவைக் கீழே வைத்து, ஓசை கேட்கும்படி மறுபடி எடுத்து, அதே பகுதியை முதலிலிருந்து வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சுற்றுக்கும் அழைக்கவில்லை.

அவர்கள் எதிர்பார்த்தது பதினாறடி சி அல்லது பதினெட்டடி பி ஃபிளாட் டியூபா தரும் நிறத்தை. வாக்னர் எழுதியதும் கான்ட்ராபாஸ் டியூபாவுக்குத்தான். அதில் அநியாயம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த மரியாதையான குரல்தான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

எஃப் வால்வு எழுதியது:

வைத்துவிட்டு மறுபடி எடுத்தீர்களா! ஐயா, அது பெரிய தைரியம். பின்வரிசை அவர்களின் கான்ட்ராபாஸ் கலைஞர் காதைப் பற்றி ரொறன்ரோ நண்பர் சந்தேகப்பட்டாரே, திரைக்குப் பின்னாலிருந்தே ஈ ஃபிளாட்டைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கும் உலகம் இது.

ரொறன்ரோ பித்தளை எழுதியது:

நான் அவருடைய காதைச் சந்தேகப்படவில்லை, அவர் நின்ற இடத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஆடிஷன் குழு பார்வையாளர் பகுதியில்தானே உட்கார்ந்திருந்தது? என் பக்கத்துக்குத்தான் இது சாட்சி.

பதினான்கு ஸ்வரம் எழுதியது:

என் பெயரிலிருந்தே எந்த இசை என்று தெரிந்திருக்கும். துவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி. முழு இசையிலும் நமக்கு இரண்டாம் மூவ்மென்டில் மட்டும் 14 ஸ்வரங்கள். முதல் மூவ்மென்ட் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, குளிர்ந்துபோன பித்தளையை எடுத்து, லார்கோ என்ற அந்த இரண்டாம் மூவ்மென்டின் தொடக்கத்தில் பித்தளை வரிசையோடு மெல்லிய கோரலில் (சேர்ந்து பாடுவதுபோன்ற மெதுவான இசையில்) சேரவேண்டும். குளிர்ந்த வாத்தியம் சுருதி இறங்கி நிற்கும் என்பதால், முதல் மூவ்மென்ட் முடியும் தறுவாயில் சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே செலுத்திக்கொண்டே இருப்பேன். இவ்வளவு சின்ன வேலைக்கு எந்த டியூபாவைக் கொண்டுபோனால் என்ன என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த முறை ஒலிப்பதிவும் நடந்தது. நான் கொண்டுபோனது நன்கு பழகிய, ஒலியில் எந்தக் குறையும் சொல்ல முடியாத ரோட்டரி டியூபா. ஒலிப்பதிவாளர் எங்கள் பித்தளை வரிசையைத் தம் அறைக்கு அழைத்து, லார்கோவின் முதல் சில தாள அளவுகளைப் போட்டுக் காட்டினார். கோரல் அழகாக வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்வரம் மாறும்போதும், அதற்கு மயிரிழை முன்பாக, 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் ஒலியைக் கூட்டினார். 'டிக்'. ட்ரோம்போன்களில் ஸ்வரத்தை மாற்றுவது பெரும்பாலும் வால்வு அல்ல, ஸ்லைடு என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை. ஹார்ன்காரர்கள் மட்டும் சற்று அவசரமாகவே தங்கள் வால்வுகளை அழுத்திக் காட்டினார்கள்.

நெம்புகோலை வால்வோடு இணைக்கும் பந்து மூட்டில் எண்ணெய் வற்றியிருந்தது. வால்வு போய் முட்டும் ரப்பர்த் துண்டும் தேய்ந்திருந்தது. இரண்டும் சில நிமிட வேலை. ஆனால் இப்போது யாராவது ரோட்டரி டியூபாவை விற்கக் கொண்டுவந்தால், ஊதிப் பார்ப்பதற்கு முன்பே அமைதியான அறையில் பெல்லைக் காதோரம் வைத்துக்கொண்டு எல்லா வால்வுகளையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பார்க்கிறேன். விற்பவர்கள் வித்தியாசமாகப் பார்க்கிறார்கள். பிஸ்டன்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கவேண்டாம். உங்கள் ஸ்ப்ரிங் கீச்சிடுவதையும் அதே ஒலிவாங்கி பிடிக்கும்.