அம்மாவின் கண் ஊசி யாழ்ப்பாணத்தில் எங்கே கிடைக்கும்?

அம்மாவுக்கு 63 வயது, நீரிழிவு. இடது கண் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருப்பது ஓசிடி ஸ்கானில் தெரிந்தது. தை மாதம் பெவாசிசுமாப் ஊசி, 1.25 மில்லிகிராம், மாதம் ஒன்றாகத் தொடங்கினார்கள். எழுத்துகள் கொஞ்சம் தெளிந்தன. சித்திரைக்குப் பிறகு மருந்து இல்லை என்று கிளினிக்கில் திருப்பி அனுப்புகிறார்கள். இப்போது கதவு நிலை வளைந்து தெரிகிறதாம், பார்க்கும் முகத்தின் நடுவில் மங்கல். வலியோ சிவப்போ இல்லை.

யாழ் நகரப் பார்மசிகள், தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாம் விசாரித்தாயிற்று. கொழும்பில் இருக்கிறதாம். ஆனால் 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டிய மருந்து, இரவு பஸ்ஸில் கொண்டுவரப் பயமாக இருக்கிறது. முழங்கால் வருத்தத்தோடு அவவை மாதாமாதம் அங்கே கூட்டிப்போகவும் இயலாது. சொட்டு மருந்து இதற்கு ஈடாகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இந்த ஊசியை மருந்தோடு சேர்த்துப் போடும் இடம் யாருக்காவது தெரியுமா?