தொலைதூர வேட்டைப் பயணம்: முதுகுப்பையை எப்படி அடுக்குவது?

கேள்வி:
உரிய உரிமத்துடன், சாலையிலிருந்து வெகுதொலைவில் உள்ள மலைக்காட்டுக்கு மான் வேட்டைக்காக நடந்தே செல்லவிருக்கிறேன். கூடாரம், உறக்கப்பை, உணவு ஆகியவற்றை வைத்ததுமே பை நிறைந்துவிடுகிறது. திரும்பும்போது இறைச்சியையும் சுமக்க வேண்டுமே, அதற்கு என்ன வழி?

பதில் 1:
உணவுப் பொதி போன்ற கனமான பொருள்களை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வரும்படி வையுங்கள். அவை வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் ஏற்றத்தில் பை உங்களைப் பின்னுக்கு இழுக்கும். உறக்கப்பை அடியிலும் மழைச்சட்டை மேலேயும் இருக்கட்டும். இடுப்புப் பட்டையை இறுக்கிய பிறகே தோள் வார்களைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் சுமையின் பெரும்பகுதியை இடுப்புதான் தாங்க வேண்டும்.

பதில் 2:
இறைச்சிக்குப் பைக்குள் இடம் தேட வேண்டாம். முதுகுப்பையைத் தாங்கும் உறுதியான சட்டகத்திலிருந்து பையைச் சற்றுப் பிரித்து, இரண்டுக்கும் இடையே சுமையைக் கட்டக்கூடிய முதுகுப்பை வகைதான் இதற்கு ஏற்றது. எலும்பை நீக்கிவிட்டால் எடை வெகுவாகக் குறையும். ஆனால் விலங்கின் பாலினத்தைக் காட்டும் அடையாளம் இறைச்சியோடு இருக்க வேண்டும் என்று சில பகுதிகளில் விதி இருப்பதால், முதலில் அதைப் படித்துவிடுங்கள். காற்றோட்டமுள்ள துணிப்பைகளையே எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் சூடும் ஈரமும் தங்கி இறைச்சி கெட்டுப்போகும். பெரிய மானாக இருந்தால், பை எதுவானாலும், ஒரே நடையில் முடியாது.

பதில் 3:
தலைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள், செயற்கைக்கோள் தகவல் கருவி மூன்றும் பையைப் பிரிக்காமலே கைக்கு எட்ட வேண்டும். நனைந்தால் எளிதில் காயாத பருத்தி உடைகளை வீட்டிலேயே விட்டுவிட்டால் இடமும் மிச்சமாகும்.