நாயின் தொடை எலும்பில் பிளேட் இருக்கிறது, எம்ஆர்ஐ எடுக்கலாமா?

குட்டைக்கால்_வீடு:
வணக்கம். எங்க டாஷ்ஹண்ட், ஆண், 6 வயசு. நேத்துலேர்ந்து பின்னங்கால் ரெண்டும் தள்ளாடுது, முதுகைத் தொட்டா கத்துறான். டிஸ்க் நழுவியிருக்கலாம், எம்ஆர்ஐ எடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா குட்டியா இருந்தப்ப பைக் மோதி இடது தொடை எலும்பு உடைஞ்சு, பிளேட்டும் ஸ்க்ரூவும் வச்சிருக்கு. ஸ்கேன் சென்டருக்குப் போன் பண்ணினா "உள்ள மெட்டல் இருந்தா எடுக்க மாட்டோம்"னு வச்சுட்டாங்க. பிளேட்டை எடுத்தாத்தான் ஸ்கேனா? ஆபரேஷன் பண்ணின டாக்டர் இப்ப ஊர்ல இல்ல. அடையாளத்துக்குத் தோலுக்கடியில மைக்ரோசிப்பும் போட்டிருக்கு.

வாலாட்டி:
எம்ஆர்ஐ காந்தம் சும்மா இல்லீங்க, பிளேட்டையே பிடுங்கிடும். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தைத் தொடைமேல வச்சுப் பாருங்க. இழுக்கலைன்னா தைரியமா போகலாம்.

ஊசிக்காரர் (கால்நடை மருத்துவர்):
அந்தக் காந்த சோதனையை நம்பாதீங்க. சதைக்குள்ள ஆழமா இருக்கிற துண்டு தோல்மேல வைக்கிற காந்தத்துக்குத் தெரியாது.

முதல்ல அவசரமான விஷயம். பிளேட்டை விட நேரம்தான் இங்க முக்கியம். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளிப் பாருங்க. காலை இழுத்தா மட்டும் போதாது, அது வெறும் அனிச்சை. தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, கத்துறானான்னு கவனிங்க. அந்த உணர்வே இல்லைன்னா இன்னிக்கே ஆபரேஷன் வசதி உள்ள இடத்துக்குப் போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. உணர்வு இருந்தா கூண்டுல அடைச்சு அசையாம வைங்க. வலிக்குன்னு வீட்டுல இருக்கிற மெலாக்சிகாமையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துடாதீங்க, குடல்ல புண் வந்து ரத்தம் கசியும்.

பிளேட்டைக் கழட்ட வேண்டாம். நாய்களுக்கு வைக்கிறது பெரும்பாலும் 316எல் ஸ்டீல், இல்லைன்னா டைட்டானியம். டைட்டானியம் காந்தத்துக்குக் கட்டுப்படாது. 316எல்-ல நிக்கல் கலந்திருக்கிறதால அதுவும் ஏறக்குறைய அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரத்துலயே ஒண்ணு காந்தத்துல ஒட்டும், இன்னொண்ணு ஒட்டாது, பார்த்திருப்பீங்க. அதோட எலும்புல ஸ்க்ரூ போட்டு இறுகினது அசையவும் அசையாது.

காந்தக்கூடம் (ரேடியோகிராபர்):
மருத்துவர் சொன்னது சரி. போன் எடுத்தவர் மறுத்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன், என்ன மெட்டல்னு தெரியாம அவரால தலையாட்ட முடியாது. பழைய எக்ஸ்-ரே, டிஸ்சார்ஜ் சம்மரி ஏதாவது இருந்தா வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, "தொடையில பிளேட், முதுகு ஸ்கேன்"னு சொல்லிப் பாருங்க. பாதி சிக்கல் தீர்ந்துடும்.

உங்க பையனுக்கு இன்னொரு நல்ல விஷயம், இடம். உலோகம் தன்னைச் சுத்தி படத்துல ஒரு கருப்புப் பொத்தலை உண்டாக்கும், பக்கத்துல இருக்கிறதும் கோணிப் போகும். டாஷ்ஹண்டுக்கு டிஸ்க் பெரும்பாலும் போறது கடைசி விலா எலும்பை ஒட்டின பகுதியில. தொடை பிளேட்டோட நிழல் அங்க வராது. சிப் தோள்பட்டைகளுக்கு நடுவுல இருக்கும், அதுக்குள்ள காந்தத்துக்கு இழுபடுற குட்டி ஃபெரைட் துண்டு இருக்கிறதால அந்த இடம் கெடும். கழுத்து ஸ்கேன்னா அது தொல்லை, உங்களுக்கு இல்ல. முதுகெலும்புலயே பிளேட் வச்ச நாய்னா கதையே வேற. அப்ப உலோகத்தால அதிகம் கெடுற கிரேடியன்ட் எக்கோங்கிற பட முறையைத் தவிர்த்து, குறைவாக் கெடுற ஸ்டிர் மாதிரி முறைகளை வச்சுச் சமாளிப்போம், இல்லைன்னா சிடி ஸ்கேனுக்கு அனுப்புவோம். சிடியில காந்தமே கிடையாது, உலோகத்தைச் சுத்தி வெள்ளைக் கோடுகள் வரும், அவ்வளவுதான்.

நான் நிஜமா பயப்படறது பேஸ்மேக்கருக்கும், ஏர்கன் குண்டு பட்ட தெருநாய்க்கும்தான். குண்டு ஈயமா ஸ்டீலான்னு எக்ஸ்-ரே சொல்லாது.

குட்டைக்கால்_வீடு:
கிள்ளினதும் திரும்பி என்னைக் கடிக்க வந்தான், இவ்வளவு நிம்மதியா எப்பவும் கடி வாங்கினதில்ல. பழைய எக்ஸ்-ரே அனுப்பினேன், வேற சென்டர்ல நாளைக்குக் காலைல வரச் சொல்லிட்டாங்க. மயக்க மருந்து கொடுப்பாங்களாமே, பிளேட் சூடாகிச் சுட்டா அவனால சொல்ல முடியாதே?

காந்தக்கூடம்:
நியாயமான பயம். ரேடியோ அலையால சூடு ஏறலாம், ஆனா நீளமான வயரும் வளையமும்தான் அதிகம் சூடாகும், உடம்போட ஒட்டிய சின்ன பிளேட் அவ்வளவா ஏறாது. அதனாலதான் கழுத்துப் பட்டையைக் கழட்டுவோம், ஈசிஜி வயர் உடம்புல சுருண்டு கிடக்காம பார்ப்போம். உடைஞ்ச எலும்பை வெளியிலேர்ந்து பிடிச்சு நிறுத்துற ஃபிக்ஸேட்டர் சட்டம் மாட்டின நாயை அப்படியே உள்ள விடமாட்டோம்.

உண்மையில அந்த அறையில ஆபத்து வெளியிலேர்ந்து வர்ற இரும்புதான். காந்தம் ராத்திரியும் பகலும் ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்கேன் முடிஞ்சாலும் அணையாது. 2018-ல மும்பையில ஆக்ஸிஜன் சிலிண்டரோட உள்ள போனவர் இழுக்கப்பட்டு இறந்தார். மயக்க மெஷினும் சிலிண்டரும் காந்த அறைக்கு ஏத்ததான்னு கூச்சப்படாம கேளுங்க. அவனைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போறப்ப உங்க ஹேர்பின், சாவி, போன் எல்லாம் வெளியிலயே இருக்கட்டும். முடிஞ்சதும் சிப்பை ரீடர்ல ஒருதரம் படிச்சுப் பார்த்துடுங்க.