கை கிரைண்டரில் காபி: உங்கள் கைக்குத் தெரிந்தது என்ன?

கை கிரைண்டர் எதற்கு என்று யார் கேட்டாலும் மூன்று காரணங்கள் சொல்வார்கள். கரண்ட் வேண்டாம், சத்தம் அதிகமில்லை, பையில் அடங்கிவிடும். மூன்றும் உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு: காபிக்கொட்டை எப்படிப்பட்டது என்பது நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடுகிறது.

கறுக்க வறுத்த கொட்டையைப் போட்டால் கைப்பிடி தடையில்லாமல் ஓடும். நொறுங்கும் சத்தம் மெலிதாக, ஒரே சீராகக் கேட்கும். அதே அளவு லைட் ரோஸ்ட்டை, அதாவது குறைவாக வறுத்ததைப் போட்டால் முதல் சுற்றிலேயே பிடித்து நிறுத்தும், தோள்வரை அழுத்தம் ஏறும். வறுக்க வறுக்கக் கொட்டையிலிருந்து ஈரம் போகிறது. உள்ளே உண்டாகும் வாயு அதை உப்பவைக்கிறது, உள்சுவர்கள் மெலிந்து எளிதில் உடைகின்றன. குறைவாக வறுத்ததில் அந்த உப்பல் குறைவு, அடர்த்தி அதிகம். அதனால்தான் இந்த முரண்டு.

லைட் ரோஸ்ட் திரிக்கும்போது நான் கிரைண்டரை நேராகப் பிடிப்பதில்லை, ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வேன். கொட்டை மொத்தமாகப் போய், அதை அரைக்கும் பல்லுள்ள இரண்டு பாகங்களான பர்ரில் நெருக்காமல் ஒன்றிரண்டாக இறங்கும். சுற்றுவதும் இலகு, தூளும் இன்னும் சீராக வரும். நேரம்தான் கொஞ்சம் கூடும்.

இந்தப் பதிவை எழுதவைத்தது ஒரு கல். திரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கைப்பிடி டக்கென்று நின்றது. கெட்டியான கொட்டை என்றால் அழுத்தினால் மெல்ல விட்டுக்கொடுக்கும். இது அசையவே இல்லை, உள்ளே கிறீச்சென்று ஒரு சின்ன ஒலி வேறு. பின்பக்கமாக அரைச் சுற்று சுற்றி, தூளின் அளவை வைக்கும் திருகைத் தளர்த்தி, கவிழ்த்துத் தட்டினேன். கொட்டையின் நிறத்திலேயே, பாதிக் கொட்டை அளவில் ஒரு கல் விழுந்தது. தட்டில் பரப்பிப் பார்த்திருந்தால்கூடக் கண்ணுக்குத் தப்பியிருக்கும், அப்படி ஒரு நிறப் பொருத்தம். மோட்டாராக இருந்தால் தன் பலத்துக்குத் தள்ளியிருக்கும், பர்ரின் பல் போயிருக்கும். பீங்கான் பர் என்றால் விளிம்பே சில்லாகத் தெறிக்கலாம். கை நின்றதால் பர் பிழைத்தது.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், வீட்டில் என்றாலும் சரி, பயணத்தில் என்றாலும் சரி. எந்த மாடல் வாங்கலாம் என்ற பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும்.

*

என் அனுபவம் பயணத்தில். மலையேற்றம் போகும்போது என் பையில் போர்லெக்ஸ் மினி என்ற சிறிய கை கிரைண்டர் இருக்கும். காபியை அழுத்தி இறக்கும் குழாயான ஏரோபிரஸ்ஸின் உள்குழாய்க்குள் அது அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு இடம் போதும். கைப்பிடியை மட்டும் கழற்றித் தனியாக வைக்க வேண்டும்.

உயரத்துக்குப் போனதும் முதலில் கவனித்தது, கீழே நன்றாக வந்த அதே கிளிக்கில், அதாவது தூளின் அளவை வைக்கும் திருகின் அதே படியில், மேலே காபி சப்பென்று, புளிப்பாக வந்ததைத்தான். கொட்டையிலோ கிரைண்டரிலோ குறை இல்லை. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைந்துகொண்டே போகிறது. 3000 மீட்டரில் 90 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் சூடாகாது. அந்தத் தண்ணீருக்குச் சாறு இழுக்கும் வலு குறைவு. மறுநாள் காலை இரண்டு கிளிக் நைஸாக்கி, ஊறும் நேரத்தையும் ஒரு நிமிடம் கூட்டினேன். காபி திரும்பக் காபியாக வந்தது.

இன்னொன்று. இரவு முழுக்கக் கூடாரத்துக் குளிரில் கிடந்த கொட்டை திரிக்கும்போது படக் படக்கென்று உடைந்தது, வீட்டில் அந்தச் சத்தம் வராது. 2016-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் இதைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அறையின் வெப்பநிலையிலிருந்து திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரி வரை குளிர்வித்துத் திரித்துப் பார்த்தார்கள். குளிரக் குளிரத் துகள் சிறிதாகவும் சீராகவும் வந்தது. கூடாரத்துக் குளிர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் முதலாமவர் சொன்னதுபோல் கைக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயில் இது கனத்த உலோக உருளையாகத் தெரியும், எடுத்துக் காட்டச் சொல்வார்கள். துடைத்து, காலியாக, பையின் மேல்பக்கம் வைத்திருந்தால் வேலை சட்டென்று முடியும். தூளாகக் கொண்டுபோவதைவிடக் கொட்டையாகவே கொண்டுபோங்கள். 2018 முதல் அமெரிக்காவுக்குப் போகும் சர்வதேச விமானங்களில் கைப்பையில் 350 மில்லி அளவும் அதற்கு மேலும் தூள் இருந்தால் தனியாகச் சோதிக்கிறார்கள். ருசிக்காகவும் கொட்டைதான் நல்லது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

*

என் அனுபவம் வீட்டுக்குள்தான். குழந்தை தூங்கும் நேரத்தில் காபி போட வேண்டும், அதற்காகவே மின் கிரைண்டரைத் தூக்கி மேலே வைத்துவிட்டுக் கை கிரைண்டருக்கு மாறினேன். சத்தம் பிரச்சினை தீர்ந்தது. புதுப் பிரச்சினை தூள் பறப்பது.

காற்று வறண்ட நாட்களில் அடிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றியதுமே மேசையில் தூள் சிதறும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் பாதி இறங்காது. சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், தட்டினால் விழாமல் இடம் மாறி மறுபடி ஒட்டும். உமி மட்டும் தனியாகப் பறந்து விரலில் ஒட்டும். அரைபடும்போது கொட்டையும் பர்ரும் உரசி, துகள்கள் உடைந்து பிரிந்து, நிலைமின்சாரம் ஏறுகிறது. அதுதான் காரணம்.

தீர்வு ஒரு சொட்டுத் தண்ணீர். ஸ்பூனின் காம்பைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, எடை போட்ட கொட்டையில் விட்டு இரண்டு கிளறு கிளறுகிறேன். கொட்டையின் மேல் பளபளப்புக்கூடத் தெரியாது, அவ்வளவு குறைந்த ஈரம். திரித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்தால் தூள் மொத்தமாக இறங்கிவிடுகிறது. காபி ஆர்வலர்கள் இதை ரொம்ப நாளாக 'ராஸ் டிராப்லெட்' முறை என்று சொல்லிச் செய்துவந்தார்கள். 2023 டிசம்பரில் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்கிறவர்களும் சேர்ந்து 'மேட்டர்' இதழில் ஆய்வாகவே வெளியிட்டார்கள். கொட்டைக்குள் ஈரம் குறைவாக இருந்தால் மின்னூட்டம் அதிகம், நைஸாகத் திரித்தாலும் அதிகம் என்று அதில் வருகிறது. கறுக்க வறுத்ததில் தூள் இவ்வளவு பறப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எரிமலைச் சாம்பலும் நம் வீட்டுக் காபித்தூளும் ஒரே கணக்கில் வருவதை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பர் எஃகு என்றால் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். கழுவவும் வேண்டாம், துருப் பிடிக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

*

தூளை ஊறவைத்து வலையால் அழுத்தி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்குத் திரிப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கைப்பிடியைக் கழற்றிவிட்டு நடு அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால், கொரகொரப்பாகத் திரிக்கும்போது உள்பர் ஒரு பக்கம் சரிந்து சுற்றும். ஒரு பக்கம் பெரிய துண்டும் மறுபக்கம் மாவுமாக விழும். நான் முதலில் வைத்திருந்த மலிவு விலைக் கிரைண்டர் அப்படித்தான். நைஸாக வைத்தால் நன்றாகத் திரிக்கும், ஏனென்றால் அப்போது இரண்டு பர்ரும் நெருங்கி இருப்பதால் ஆட இடமில்லை. அளவைத் தளர்த்தினால் தூள் ஒன்றுபோல் இருக்காது. கோப்பையின் அடியில் சேறாக வண்டல் நிற்கும், குடிக்கக் கசப்பும் புளிப்பும் ஒன்றாக வரும். அச்சை மேலும் கீழும் பேரிங் தாங்குகிற கிரைண்டருக்கு மாறியதும் அது நின்றது. கிரைண்டருக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்த பேரிங்குக்கும் பர்ருக்கும்தான் போக வேண்டும், வெளியே மரமா உலோகமா என்பதற்கு அல்ல.

அப்புறம், சுத்தம் செய்யக் கழற்றி மாட்டினால் பூஜ்யத்தை மறுபடி பாருங்கள். கொட்டை போடாமல், பர் இரண்டும் லேசாகத் தொட்டுக் கைப்பிடி தானாகச் சுற்றாமல் நிற்கும் இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து கிளிக்கை எண்ணுங்கள். கமாண்டான்டே சி40 என்ற கை கிரைண்டரில் ஒரு கிளிக்குக்குப் பர்களின் இடைவெளி சுமார் 30 மைக்ரான், அதாவது 0.03 மில்லிமீட்டர் மாறும், வேறு கிரைண்டரில் வேறு கணக்கு. அதனால் இன்னொருவர் சொல்லும் கிளிக் எண் நமக்குச் சரிவராது.

*

முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு சுற்றும் பழைய மரப்பெட்டி மில் வைத்திருப்பவர் யாராவது உண்டா? எங்களிடம் ஒன்று இருக்கிறது. மேலே கிண்ணம், கீழே இழுப்பறை. கிளிக் எல்லாம் கிடையாது, ஒரு மரையைத் திருகித்தான் அளவு. பிரான்சின் பெஜோ குடும்பத்தார் கார் செய்வதற்கு முன்பே, 1840-ல், காபி மில் செய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வடிவம் பெரிதாக மாறவே இல்லை. மில்லை அசையாமல் பிடிக்க ஒரு கை தேவைப்படாததால் எங்கள் மில்லில் லைட் ரோஸ்ட்கூடப் பெரிய பாடாக இல்லை. உட்கார்ந்து திரிக்க நேரம் இருக்கும் நாட்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்பேன்.

*

எனக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி. அதனால் கை கிரைண்டர் எனக்கு இல்லை என்று நினைத்திருந்தேன். மகள் வாங்கித் தந்தபோது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, பழகிப் பார்த்தேன். இப்போது விடவும் மனமில்லை.

பிடிக்கும் கையில்தான் வலி வருகிறது, சுற்றும் கையில் அல்ல. கிரைண்டர் வழுக்கப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் விரல்கள் இறுகுகின்றன. கிரைண்டரின் உடம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பட்டை ஒன்றைப் போட்டதும் பாதி வலி போயிற்று. கிரைண்டரை வயிற்றோடு அணைத்து, முழங்கையை இடுப்பில் ஊன்றிக்கொள்வேன். மணிக்கட்டை மடக்காமல் தோளிலிருந்து சுற்றுவேன். கைப்பிடி நீளமான கிரைண்டர் என்றால் பலம் குறைவாகவே போதும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை, தண்ணீர் கொதிக்கும்வரை நேரம் இருக்கிறதே.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். எஸ்பிரெஸ்ஸோவுக்கான நைஸ் என்னால் முடியவில்லை. வீட்டில் நான்கு பேருக்கு என்றாலும் இது ஒத்துவராது. பயணத்துக்கான சிறிய கிரைண்டரில் ஒரு தடவைக்கு 20 கிராம் சுற்றுத்தான் கொள்ளும், இரண்டு மூன்று முறை நிரப்பித் திரித்தால் மறுநாள் கை பேசும். அவர்களுக்கு மின் கிரைண்டர்தான் சரி, அதில் குறைவு ஒன்றும் இல்லை.

முதலில் எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி. சாய்த்துப் பிடிப்பது எனக்கும் உதவுமா? சாய்த்தால் பிடிப்பது இன்னும் கஷ்டமாகாதா?

*

உதவும் அம்மா. நிறையச் சாய்க்க வேண்டாம், நேராக நிற்பதிலிருந்து கால்வாசி சாய்த்தால் போதும். உட்கார்ந்துகொண்டு, கிரைண்டரின் அடிப்பக்கத்தைத் தொடைமேல் ஊன்றி, மேல்பக்கத்தை உங்கள் பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். பாரத்தைத் தொடை தாங்கும், கை அசையாமல் பிடித்தால் மட்டும் போதும். கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டால் கொட்டை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாய்வில் ஓரத்தில் தங்கியிருக்கும். நிமிர்த்தி ஒரு தட்டு தட்டிவிட்டு இன்னும் சில சுற்று சுற்றுங்கள்.

கொட்டை கொஞ்சம் கறுப்பாக வறுத்ததாகவும் பார்த்து வாங்குங்கள், கைக்கு அதுவே பாதி உதவி. செய்து பார்த்துவிட்டு விரல் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இதே வலியுள்ள இன்னும் சிலர் இதைப் படிக்கிறார்கள்.